நாக் சென்சாரை இரண்டு முறை மாற்றியும் பி0325 போகவில்லை: அடுத்து என்ன?

கேள்வி: என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டை இறக்கி வேலை பார்த்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்துச் செக் என்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. ஸ்கேனரில் பி0325 என்ற எரர் கோடு (பிழைக் குறியீடு) வந்ததால், என்ஜின் தட்டுவதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சாரை மாற்றினார்கள். சில நாள் லைட் இல்லை, பிறகு மறுபடி வந்துவிட்டது. இன்னொரு புதுச் சென்சார் போட்டார்கள், அதற்கும் அதே கதைதான். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது பிரச்சினை இல்லை. நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் வேகமாகப் போனால்தான் லைட் எரிகிறது. எரிந்த பிறகு மேட்டில் வண்டி இழுக்க மறுக்கிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. 'டிக் டிக்' என்று தட்டுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. இப்போது ஈசியூவை, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை, மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒரு நண்பரோ, சென்சார் ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் லைட் அணைந்துவிடும் என்கிறார். நான் என்ன செய்வது? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்: ஈசியூவுக்குச் சொல்லி வைத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். மூன்றாவது சென்சாரும் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், சென்சார் உட்கார்ந்திருக்கும் இடத்திலோ அதிலிருந்து ஈசியூவுக்குப் போகும் ஒயரிலோதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தடுத்து இரண்டு சென்சார்கள் ஒரே மாதிரி, அதுவும் ஓட்டம் சூடான பிறகு மட்டும், கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை அந்த போல்ட் துளை, அந்த கனெக்டர், அந்த ஒயர். அவற்றில் ஏதாவது ஒன்றையாவது யாராவது சோதித்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

பி0325 வந்தால் சென்சாரை மாற்றிவிடுவது பரவலான பழக்கம். அந்தக் கோடு குறிப்பது நாக் சென்சார் 1-இன் சர்க்யூட்டை. அந்த சர்க்யூட்டில் சென்சார் ஒரு பகுதி மட்டுமே. கனெக்டர், இரண்டு ஒயர்கள், அவற்றைச் சுற்றியிருக்கும் ஷீல்டு, ஈசியூ பக்கத்துப் பின்கள், ஈசியூவுக்குள் அந்த சிக்னலை வாங்கும் பகுதி எல்லாமே அதில் அடக்கம். இதே வரிசையில் பி0326 என்றால் சிக்னல் எதிர்பார்த்த அளவில் இல்லை, பி0327 என்றால் சிக்னல் மிகத் தாழ்ந்திருக்கிறது, பி0328 என்றால் மிக உயர்ந்திருக்கிறது, பி0329 என்றால் விட்டுவிட்டு வருகிறது என்று பொருள். வி6 போன்ற இரண்டு வரிசை என்ஜின்களில் இரண்டாவது சென்சாருக்கு பி0330-இல் தொடங்கி இதே போல இன்னொரு தொகுப்பு உண்டு. இவற்றில் எது வந்தது என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடமும் மாறும். 'நாக் சென்சார் கோடு' என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன.

நெடுஞ்சாலையில் மட்டும் லைட் எரிவதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு, இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து பரவிக்கொண்டே போகும். ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல், தீ வந்து சேருமுன் தானாகவே பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். அப்போது கிளம்பும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி எதிரொலிக்கும். அந்த அதிர்வின் வேகம் பெரும்பாலும் சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்தது. 80 முதல் 90 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் அது சுமார் 6 முதல் 7 கிலோ ஹெர்ட்ஸ். என்ஜின் பிளாக்கில் முடுக்கியிருக்கும் நாக் சென்சாருக்குள் ஒரு செராமிக் வளையம் இருக்கிறது. பிளாக் அதிரும்போது அந்த வளையம் நசுங்கி, தானே ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். சில படிகங்களை நசுக்கினால் மின்னூட்டம் தோன்றுகிறது என்று 1880-இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அதே விளைவுதான் இங்கே வேலை செய்கிறது. வெளியிலிருந்து கரண்ட் கொடுக்காமலே சிக்னல் தரும் பொருள் என்பதால், சாதாரண மல்டிமீட்டர் வைத்தே இதை ஓரளவு சோதித்துவிடலாம்.

வால்வு மூடும் சத்தம், செயின் சத்தம் என்று என்ஜினில் ஆயிரம் சத்தங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஈசியூ கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது, பிஸ்டன் உச்சிக்கு வந்து திரும்பும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும், நாக்கிங்குக்கு உரிய அலைவரிசையை மட்டும் வடிகட்டிக் கேட்கும். அதனால்தான் ஒரே சென்சாரை வைத்துக்கொண்டு எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று அதனால் பிரித்தறிய முடிகிறது. தட்டியது தெரிந்ததும் அந்த சிலிண்டரின் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, சில டிகிரி பின்னுக்கு இழுக்கும். தட்டல் நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

இங்கேதான் உங்கள் விஷயம் வருகிறது. நாக்கிங் இல்லாத நேரத்திலும் அந்த இடைவெளியில் என்ஜினின் சாதாரண இரைச்சல் கொஞ்சம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆர்பிஎம் ஏற ஏற அந்த இரைச்சலும் ஏற வேண்டும். பல ஈசியூக்கள் இதையே சென்சாரைச் சோதிக்கும் வழியாக வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட ஆர்பிஎம்மைத் தாண்டி, லோடும் ஏறி, என்ஜினும் சூடான பிறகு இரைச்சல் எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை என்றால், 'என் காது வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டி கோடு போட்டுவிடும். ஐடிலிங்கிலும் மெதுவான ஊர் ஓட்டத்திலும் அந்தச் சோதனை நடப்பதே இல்லை. ஆகவே ஊருக்குள் லைட் வரவில்லை என்பதை வைத்து, அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

புதுச் சென்சார் போட்டதும் சில நாள் லைட் அணைந்திருந்ததும் இதே கணக்குதான். சென்சாரை மாற்றிவிட்டு ஸ்கேனரில் கோடை அழித்திருப்பார்கள். அடுத்த நெடுஞ்சாலைப் பயணம் வரை லைட் வராமல் இருந்திருக்கும். மாற்றாமல் வெறுமனே அழித்திருந்தாலும் அதே சில நாள் கிடைத்திருக்கும்.

லைட் எரிந்ததும் இழுவை போவதற்கும் விளக்கம் இருக்கிறது. தன்னால் கேட்க முடியவில்லை என்று தெரிந்ததும், ஈசியூ எந்த நிலையிலும் நாக்கிங் வராதபடி டைமிங்கை மொத்தமாகப் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளும். எரியும் அழுத்தம் தாமதமாக வருவதால் பிஸ்டனுக்குக் கிடைக்கும் உந்துதல் குறையும். நீங்களோ அதே வேகத்துக்கு ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதிப்பீர்கள். இழுவையும் மைலேஜும் ஒரே நேரத்தில் குறைந்தது, தட்டல் சத்தம் கேட்காதது, எல்லாம் இந்தப் பாதுகாப்பு நிலைக்குப் பொருந்தி வருகின்றன. இந்த நிலையில் அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டும் பயனில்லை. டைமிங் கட்டிப்போடப்பட்டிருக்கிறது, பெட்ரோலை மாற்றினால் அது அவிழாது.

இனி சோதனைக்கு வருவோம். கோடை அழிக்குமுன் ஃப்ரீஸ் ஃபிரேம் விவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு விழுந்த கணத்தில் என்ஜின் எந்த ஆர்பிஎம்மில் ஓடியது, கூலண்ட் எத்தனை டிகிரி சூடு, லோடு எவ்வளவு என்று ஈசியூ அதில் பதிந்து வைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே ஆர்பிஎம்மில் விழுகிறது என்றால் சென்சார் பொருத்தப்பட்ட விதத்தைச் சந்தேகிக்கலாம். ஆர்பிஎம் மாறி மாறி இருந்து, சூடு மட்டும் எப்போதும் ஒன்றாக இருந்தால் ஒயரைச் சந்தேகிக்கலாம். இது கறாரான விதி இல்லை என்றாலும் எங்கே முதலில் கை வைப்பது என்று காட்டும்.

அடுத்தது சென்சாரின் ரெசிஸ்டன்ஸ். இதில்தான் தவறான முடிவுகள் அதிகம் எடுக்கப்படுகின்றன. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்துப் பார்த்து, பீப் சத்தம் வரவில்லை என்று சென்சாரைத் தூக்கிப்போடுகிறார்கள். நாக் சென்சாரில் பீப் வந்தால்தான் அது கெட்டுப்போனது. செராமிக் ஒரு மின்கடத்தாப் பொருள், அதனால் பல சென்சார்கள் ஒரு மெகா ஓமுக்கு மேல், அல்லது மீட்டரில் முடிவிலி என்றே காட்டும். வேறு சிலவற்றில் உள்ளே ஒரு ரெசிஸ்டர் இணையாக வைக்கப்பட்டிருக்கும். டொயோட்டாவின் பல என்ஜின்களில் வரும் தட்டை வளையச் சென்சாருக்கு 20 டிகிரியில் 120 முதல் 280 கிலோ ஓம் சரியான அளவு. நிஸ்ஸான் கார்கள் பலவற்றில் அது 500 கிலோ ஓமுக்கு மேல் இருக்கும். உங்கள் காருக்கு உரிய அளவைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். பொது அளவு என்று ஒன்று கிடையாது. அளக்கும்போது இக்னிஷன் அணைந்திருக்க வேண்டும், சென்சார் கனெக்டர் கழற்றியிருக்க வேண்டும்.

ரெசிஸ்டன்ஸ் சரியாக இருந்தால் தட்டிப் பார்க்கும் சோதனை. மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, சென்சாரின் இரண்டு பின்களிலும் பிடித்துக்கொண்டு, சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கில் ஒரு சிறு ஸ்பேனரால் தட்ட வேண்டும். சென்சார் மேலேயே தட்டக் கூடாது, செராமிக் விரிசல் விடும். ஒவ்வொரு தட்டுக்கும் எண் சற்றே துள்ளி இறங்கினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டர் நிதானமாகத்தான் எண்ணைப் புதுப்பிக்கும், அதனால் சின்னத் துள்ளலே போதும். எண்ணின் அளவை வைத்து நல்லது கெட்டது சொல்ல வேண்டாம். ஆஸிலோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். ஒரு தட்டுக்கு அடர்த்தியான அலைத் தொகுதி ஒன்று எழுந்து, படிப்படியாகத் தேய்ந்து மறைவதைத் திரையில் காணலாம். என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, பிளாக்கில் தட்டி, டைமிங் பின்னுக்குப் போகிறதா என்று ஸ்கேனரில் பார்ப்பது பழைய கார்களுக்கு ஏற்ற முறை. புதிய கார்கள் பலவற்றில் ஐடிலிங்கில் நாக் கண்ட்ரோலே வேலை செய்யாது. அந்த முறையில் தோற்றதால் மட்டும் சென்சார் கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் காரில் இந்த இரண்டு சோதனைகளிலும் சென்சார் தேறிவிடும் என்றே எதிர்பார்க்கிறேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஹெட் கேஸ்கட் வேலையில் பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதியை) கழற்றித்தான் ஹெட்டை இறக்குவார்கள். நான்கு சிலிண்டர் என்ஜின்கள் பலவற்றில் நாக் சென்சார் இருப்பது அந்த மேனிஃபோல்டுக்குக் கீழேதான். வேலைக்காகச் சென்சார் ஒயரை ஒதுக்கி வைத்திருப்பார்கள், திரும்பக் கட்டியபோது ஒரு கிளிப் விடுபட்டிருக்கலாம். கோளாறு அந்த வேலைக்குப் பிறகு வந்தது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. மெக்கானிக்கைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, கை நுழைவதே கஷ்டம்.

சென்சார் பிளாக்கோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் அது எவ்வளவு கேட்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டை மேல் வைத்துவிட்டு நெஞ்சுத் துடிப்பு கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. சென்சாரின் உலோக முகமும் பிளாக்கின் உலோக முகமும் நேரடியாக, முழுதாகத் தொட வேண்டும். நடுவில் வாஷர் கூடாது. பெயிண்ட், துரு, பழைய கேஸ்கட் பசை, கிரீஸ் எதுவும் கூடாது. நடுவில் துளையுள்ள வளையச் சென்சாருக்கு வழக்கமாக வரும் 8 மி.மீ. போல்டை சுமார் 20 நியூட்டன் மீட்டரில் முடுக்க வேண்டும். உங்கள் காருக்கு மேனுவலில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதுவே சரி. தளர்ந்திருந்தால் சென்சாருக்கு அதிர்வு போய்ச் சேராது. அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் செராமிக்கில் விரிசல் விழும், அப்படியே இல்லாவிட்டாலும் சிக்னலின் தன்மை மாறிவிடும். கையால் 'நன்றாக' முடுக்குவதை இந்த ஒரு போல்டில் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. சின்ன டார்க் ரெஞ்ச் அவசியம்.

டார்க் ரெஞ்ச் போட்டும் ஏமாற்றுகிற ஒரு நிலை உண்டு. ஹெட் வேலைக்குப் பிறகு வரும் கார்களில் இதைப் பார்த்திருக்கிறேன். ரெஞ்ச் சரியான அளவில் 'க்ளிக்' என்று சொல்லியிருக்கும். ஆனால் சென்சாரை இரண்டு விரலால் பிடித்துத் திருகினால் மெல்லச் சுழலும். போல்டைக் கழற்றினால் அதன் நுனியில் கறுப்பாக, களி மாதிரி ஒரு கசடு ஒட்டியிருக்கும். ஹெட்டைத் தூக்கியபோது வழிந்த கூலண்டும் ஆயிலும் அந்தத் துளையில் இறங்கி, அழுக்கோடு சேர்ந்து அடியில் தங்கியிருக்கும். போல்டின் நுனி அந்தக் கசடில் முட்டி நின்றுவிடும். ரெஞ்ச் அளக்கும் இறுக்கம் அந்த முட்டலால் வருவது, சென்சாரை அழுத்துவதால் வருவது இல்லை. துளையை ஒரு துணிச்சுருளாலும் காற்றாலும் சுத்தம் செய்து, பழைய இழையைச் சீவிவிடாமல், அதே நீளமுள்ள போல்டைப் போட்டால் முடிந்தது வேலை. கொஞ்சம் நீளமான வேறு போல்டைப் போட்டிருந்தாலும் இதே விளைவுதான். உங்கள் காரில் கழற்றத் தொடங்கினால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான். எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் துளை அதேதான்.

உங்களுடையது வளையச் சென்சாராக இல்லாமல், மரை வைத்து நேரடியாகத் திருகும் ஒற்றை ஒயர்ச் சென்சாராக இருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். அது எர்த் எடுப்பதே தன் உடல் வழியாகத்தான். மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் எர்த் அறுந்துவிடும். கூலண்ட் கசியக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சுற்றிவிடுகிறார்கள். இந்த வகைச் சென்சார் நாக்கிங் அலைவரிசைக்கென்றே ஒத்திசைக்கப்பட்டது, ஆகவே வேறு காரின் சென்சார் அதே மரையில் பொருந்தினாலும் அதற்குக் கேட்கிற காது வேறாக இருக்கும். பார்ட் நம்பரைச் சரிபாருங்கள். மலிவாகக் கிடைத்த, பெட்டி மட்டும் அசல் போல இருக்கும் சென்சார் என்றால், அதைப் போட்டு எடுக்கும் எந்த முடிவும் நம்பத் தகுந்ததாக இருக்காது.

அடுத்து ஒயர். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். பின்னில் பச்சைப் பொடி படிந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஆயில் ஈரமும் அதே அளவு கெடுதல். பெண் பின் விரிந்து தளர்ந்திருந்தால் குளிர்ச்சியில் தொட்டுக்கொண்டிருந்து சூட்டில் விட்டுவிடும். பிறகு ஒயர் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். மேனிஃபோல்டின் கூர்மையான ஓரம், ஸ்டார்டர், எக்ஸாஸ்ட் பக்கம், இக்னிஷன் காயில் அருகே ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள். ஒரு காரில் ஒயரின் மேல் உறை அரிசி அளவுக்கு மட்டும் தேய்ந்திருந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் அடியில் செம்பு மின்னுவது தெரியும். ஐடிலிங்கில் ஒன்றும் தொடாது. வேகம் கூடி என்ஜின் தன் மவுண்டில் சற்று சாயும்போது அந்தச் செம்பு மேனிஃபோல்டைத் தொட்டு சிக்னலை எர்த்தில் கொட்டிவிடும். ஷீல்டு அறுந்திருந்தாலும் கோளாறு வரும். இந்தச் சிக்னல் அவ்வளவு மெல்லியது, பக்கத்தில் இருக்கும் காயிலின் மின் இரைச்சல் அதில் கலந்துவிடும். ஒயரை வெட்டி ஒட்டும்போது ஷீல்டைத் தொடராமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதையும் முன்பு இருந்தபடியே இணைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரே ஒரு அளவையில் சென்சாரையும் ஒயரையும் சேர்த்துச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் மெக்கானிக்கிடம் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். பேட்டரியைத் துண்டித்து, ஈசியூவின் கனெக்டரைக் கழற்றி, அந்தக் கனெக்டரில் நாக் சென்சாருக்கு உரிய இரண்டு பின்களுக்கு இடையே ரெசிஸ்டன்ஸை அளக்க வேண்டும். உள்ளே ரெசிஸ்டர் உள்ள சென்சார் என்றால், சென்சாரிலேயே நேரடியாக அளந்தபோது வந்த எண்தான் இங்கேயும் வர வேண்டும். குறைந்தால் வழியில் எங்கோ ஷார்ட், முடிவிலி என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. ஒவ்வொரு பின்னிலிருந்தும் பாடிக்கும் ஷீல்டுக்கும் தனித்தனியாக அளந்து, எதுவும் தொடவில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். ரெசிஸ்டர் இல்லாத சென்சாராக இருந்தால், சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஒயரையும் முனைக்கு முனை அளக்க வேண்டும். ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும்.

இந்த அளவையைக் குளிர்ந்த என்ஜினில் ஒரு முறை, நெடுஞ்சாலையில் ஓட்டி லைட் எரிந்ததும் சூட்டோடு இன்னொரு முறை எடுக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் மட்டும் அளந்து 'ஒயர் நல்லா இருக்கு' என்று சொல்வது உங்கள் காருக்குப் போதாது. உங்கள் கோளாறு சூட்டில்தான் தலைகாட்டுகிறது. அளக்கும்போதே ஒருவர் ஹார்னஸை (ஒயர்க் கட்டை) அங்கங்கே மெல்ல அசைத்து, வளைத்துப் பார்க்கட்டும். எந்த இடத்தை அசைக்கும்போது எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு.

நிஜமாகவே நாக்கிங் இருந்து அதனால் கோடு வந்திருக்குமா என்று கேட்கலாம். பி0325-க்கு அது வழக்கமான காரணம் இல்லை. பி0326 வந்திருந்தால் அந்தப் பக்கமும் யோசிக்கச் சொல்லியிருப்பேன். தளர்ந்த பிராக்கெட், தேய்ந்த பேரிங், பிஸ்டன் ஆடும் சத்தம் இவையெல்லாம் சென்சாரைக் குழப்பக் கூடியவை. கார்பன் படிவும், மெலிந்த கலவையும், அதிக சூடும் உண்மையான நாக்கிங்கைக் கொண்டுவரும். ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்டு வைக்கிறேன்: ஹெட் வேலையின்போது ஹெட்டை இயந்திரத்தில் கொடுத்து முகம் சீவினார்களா? சீவினால் எரிஅறையின் கொள்ளளவு குறைந்து கம்ப்ரஷன் சற்று ஏறும். என்ஜின் முன்பைவிட எளிதாகத் தட்டும். கோடு சரியான பிறகு ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் நாக் ரிடார்ட் எண்ணை, அதாவது தட்டலுக்காக டைமிங் எத்தனை டிகிரி பின்னுக்குப் போனது என்பதை, கவனியுங்கள். மேட்டில் அழுத்தி ஏறும்போது தொடர்ந்து பல டிகிரி காட்டினால் எனக்கு எழுதுங்கள், அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

ஈசியூ பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நாக் சிக்னலை வாங்கும் பகுதி மட்டும் கெட்டுப்போய், மற்ற எல்லாம் நன்றாக ஓடும் ஈசியூக்கள் இல்லாமல் இல்லை, ஆனால் குறைவு. சென்சார், பொருத்தம், குளிர்ச்சியிலும் சூட்டிலும் ஒயர், ஈசியூவின் எர்த் இணைப்புகள் எல்லாம் தேறிய பிறகுதான் அந்தப் பேச்சு வர வேண்டும்.

ரெசிஸ்டர் யோசனைக்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். சில கார்களில் லைட் அணையும் என்பது உண்மைதான். ஆபத்து அதில்தான் இருக்கிறது. இப்போது உங்கள் ஈசியூவுக்குத் தன்னால் கேட்க முடியவில்லை என்று தெரியும், அதனால் டைமிங்கைப் பின்னுக்கு வைத்து என்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ரெசிஸ்டரைப் போட்டால் எல்லாம் நன்றாக இருப்பதாக நம்பி டைமிங்கை முழுதாக முன்னுக்குக் கொண்டுபோய்விடும். இழுவை திரும்பி வரும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். ஒரு நாள் வெயிலில், ஏற்றத்தில், முழு லோடில் என்ஜின் தட்டும்போது கேட்க ஆள் இருக்காது. வேகத்தில் காற்றிரைச்சல் மீறி அந்தத் தட்டல் உங்கள் காதில் விழாது. பிஸ்டனின் ஓரம் அரிக்கப்படும், ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு உடையும், அப்போதுதான் மாற்றிய ஹெட் கேஸ்கட்டும் போகும். சென்சாரைக் கழற்றி, கைக்கு எட்டும் வேறு ஏதாவது போல்டில் மாட்டி வைக்கும் பழக்கமும் இதே ரகம்தான். பிளாக்கில் எந்த இடத்தில் எல்லா சிலிண்டரும் சமமாகக் கேட்கும் என்று பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அதுவரை ஓட்டலாமா என்றால், நிதானமாக ஓட்டலாம், ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். டைமிங் பின்தங்கியே இருந்தால் எக்ஸாஸ்ட் வாயு அதிகச் சூட்டோடு வெளியேறும், புகையைச் சுத்திகரிக்கும் காட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அது நல்லதில்லை. பெரிய கியரில் வைத்துக்கொண்டு குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துவதைத் தவிருங்கள். மேடு வந்தால் ஒரு கியர் இறக்கிவிடுங்கள். பின்னால் எதையும் கட்டி இழுக்க வேண்டாம். தட்டல் சத்தம் கேட்டால் உடனே காலை எடுங்கள். லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மினுக்கினால் அது மிஸ்ஃபயர் அறிகுறி, நாக் சென்சாரோடு சேர்த்துப் பார்க்காமல் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

வேலை முடிந்ததும் லைட் அணைந்ததை மட்டும் பார்த்து வண்டியை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனரை மாட்டிக்கொண்டே, முன்பு லைட் எரிந்த அதே வேகத்தில், அதே அளவு நேரம் ஒருவர் உடன் வந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பி0325-க்கு உரிய சோதனை நடந்து முடிந்து, நிலுவையில் கோடு எதுவும் இல்லை என்று ஸ்கேனர் காட்ட வேண்டும். போல்ட் துளையைச் சுத்தம் செய்து, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கி, ஈசியூ கனெக்டரில் சூட்டிலும் குளிர்ச்சியிலும் எடுத்த இரண்டு எண்களும் சரியாக இருந்தும் கோடு திரும்பி வந்தால், அந்த இரண்டு எண்களையும் ஃப்ரீஸ் ஃபிரேம் விவரத்தையும் சென்சாரின் பார்ட் நம்பரையும் எழுதி அனுப்புங்கள். ஈசியூவைப் பற்றி அப்போது பேசுவோம்.